ஆமைக்குச் சோறு வைத்தவர்

புதிதாக மிருக வைத்தியத்துக்கு வந்திருக்கும் நீங்கள் என்னை எழுதச் சொன்னது நாய் பூனைகளைப் பற்றி. நான் எழுதப்போவது ஆமையைப் பற்றி. கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்வது ஓய்வு பெற்றவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே சலுகை, அதையும் பறித்துவிடாதீர்கள். நாய்க்கு ஊசி போட உங்களுக்கு நான் தேவையில்லை. புதிய மருந்துகளின் பெயர்களில் பாதி என் வாய்க்குள் நுழைவதில்லை, உங்களுக்கோ அவை தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்தத் தொழிலில் இருந்தால், என்றாவது ஒருவர் துவாயால் மூடிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து இருப்பார். துவாயை விலக்கினால் உள்ளே ஆமை இருக்கும். அன்றைக்கு என்ன செய்வதென்று உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஆமை வந்தால், ஆமையைப் பார்ப்பதற்கு முன் அது இருக்கும் இடத்தைக் கேளுங்கள். நான் தொழில் பழகியது கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒரு பெரிய டொக்டரிடம். ஒருநாள் துறைமுகத்துக் கிளார்க் ஒருவர், வாளியில் கொஞ்சம் தண்ணீரும் அதற்குள் ஓர் ஆமையுமாகக் குடும்பத்தோடு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆமையின் கண்கள் வீங்கி, மூக்கால் நுரை வந்துகொண்டிருந்தது. நான் பதறிப்போய் ஊசி மருந்தைத் தேட, டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வருத்தத்தப் பொறகு பாப்பம். வீட்டச் சொல்லுங்க மொதல்ல," என்றார். முற்றத்துச் சீமெந்துத் தொட்டிக்குள் விட்டிருக்கிறோம் என்றார்கள். ஊரில் கிணற்றுக்குள் ஆமை விடுவது வழக்கம், புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பார்கள். அந்த நினைப்பில் செய்தது. ஆனால் கிணற்றில் வாழும் ஆமை வேறு, இது வேறு. இது முதுகில் நட்சத்திரம் போலக் கோடு விழுந்த தரை ஆமை, நீந்தத் தெரியாது. தொட்டிக்குள் கிடந்த ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுதான் இவ்வளவு நாளும் மூச்சு விட்டிருக்கிறது. டொக்டர் வாளியைத் தூக்கித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, வைத்தியத்தில் பாதி முடிந்தது என்றார். அது பிழைத்துக்கொண்டது.

அவர்கள் கொடுமைக்காரர் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆமையைக் கெடுத்தவர்களில் கொடுமைக்காரரை நான் கண்டதே இல்லை. எல்லோரும் பாசக்காரர்கள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நான் கண்டவரையில் வீடு புகுந்த ஆமைதான் உருப்படவில்லை. இதை ஒரு பகிடியாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன், மாஸ்டர் என்று ஒருவர் வரும் வரைக்கும்.

அப்போது என் கிளினிக் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. முன்னால் கிளினிக், அதற்குப் பின்னால் இரண்டு அறைகளில் நான். நான் கலியாணம் கட்டாதவள். தம்பிமார் இருவரும் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பகல் முழுவதும் குரைப்பும் கத்தலுமாக இருக்கும், கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் இருக்காது. மாஸ்டர் இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு பிளட்டில் நாலாம் மாடியில் இருந்தார். கணிதம் படிப்பித்தவர். வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் பாதிப்பேர் அவரிடம் டியூஷனுக்குப் போய்க் குட்டு வாங்கியவர்கள். அவர்களில் பாதிப்பேர் இப்போது இந்த நாட்டில் இல்லை.

அவருடைய மனைவி, மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போனவர். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒரு பேரன் பிறந்தான், பிறகு ஒரு பேத்தி, பிறகு அவர்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டு எடுக்க ஆள் வேண்டியிருந்தது. அப்படியே தங்கிவிட்டார். மாஸ்டரும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் குளிர் தனக்கு ஒத்துவராது என்று திரும்பி வந்துவிட்டார். இப்படிப் பிரியாமலே பிரிந்துபோன குடும்பங்கள் நம் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அவர் ஒருநாள் காலை, நோயாளிகள் எல்லோரும் போகும் வரைக்கும் மூலைக் கதிரையில் பெட்டியோடு காத்திருந்துவிட்டு, கடைசியாக உள்ளே வந்தார். பெட்டியை மேசையில் வைத்து, மெதுவாகத் துவாயை எடுத்தார். கையை விரித்த அளவில் ஒரு நட்சத்திர ஆமை. "ரெண்டு கிழமையா அவர் ஒண்டும் வாயில வைக்கிறாரில்லை, டொக்டர்," என்றார். ஆமையை அவர் என்றுதான் சொல்வார், கடைசி வரைக்கும்.

ஓட்டின் ஓரத்தைப் பெருவிரலால் அமர்த்தினேன், உள்வாங்கியது. ஆமையின் ஓடு உள்வாங்கக் கூடாது. முன்னங்கால்கள் உடம்பைத் தூக்க மாட்டாமல் மேசையில் வழுக்கின. நல்ல ஆமை நிலத்தில் வயிறு படாமல் நடக்கும், இது தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போனது. பிழைப்பதும் பிழைக்காததும் அரைவாசிக்கு அரைவாசி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை உடனே சொல்லவில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மாஸ்டரின் முகம் மலர்ந்தது. ஹோலுக்குள்தான், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். வெறும் நிலத்தில் விடுவதில்லை, பழைய தலையணை ஒன்று போட்டிருக்கிறார். வெக்கை தாங்காதென்று ஃபேன் போட்டு விடுவார். பிளட்டுக்குள் வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை, நல்ல குளிர்ச்சி. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் பருப்பும் தயிரும், பின்னேரம் பாலில் நனைத்த பாண் துண்டு, இடையில் கதலி வாழைப்பழம். அவர் என்ன சாப்பிட்டாலும் அதில் ஒரு பங்கு பக்கத்தில் ஒரு சின்னப் பீங்கானில் இருக்கும். தனக்கு வைக்க மறந்தாலும் அதற்கு மறப்பதில்லையாம்.

இளம் வைத்தியர்கள் இந்த இடத்தில்தான் வாயைத் திறந்து கெடுப்பார்கள். ஆமைக்குச் சோறா, பாலா, உங்களுக்கென்ன விசரா என்று கேட்டுவிடுவார்கள். கேட்டால் ஆள் வாயை மூடிக்கொள்வார், அதோடு உங்களுக்குத் தேவையான மிச்சக் கதை கிடைக்காது. நான் வாயை மூடிக்கொண்டு, முதலிலிருந்தே இப்படித்தானா என்று மட்டும் கேட்டேன்.

இல்லை, ஆரம்பத்தில் பாவம், அது கஷ்டப்பட்டது என்றார். கீழ் மாடியில் இருந்த குடும்பம் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஆமை அது. போகிறவர்கள் ஒவ்வொருவரும் எதையாவது யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தானே போவார்கள். காஸ் சிலிண்டர், பூச்சாடி, சுவாமிப் படம், இந்த முறை ஆமை. மாஸ்டரின் மனைவி அப்போது இங்கேதான் இருந்தார். ஆமை வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது, வந்தால் குடும்பம் விளங்காது என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். அதனால் அது வெளியே, லிஃப்டுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கும் இடத்தில் இருந்தது. பழைய மரப்பெட்டி, அடியில் மண். அந்த இடத்தில் கண்ணாடி இல்லாத பெரிய கம்பி ஜன்னல் ஒன்று. காலை வெயில் அப்படியே அதன் மேல் அடிக்குமாம். அதைச் சொல்லும்போது மாஸ்டர் உச்சுக்கொட்டினார். சாப்பாட்டுக்கும் மனைவி ஒரு பிடி சோறு கொடுக்க விடவில்லை. வீட்டுப் பாத்திரத்தில் ஆமைக்கு வைக்கக்கூடாதாம். சுவாமிக்கு வைத்து வாடின செவ்வரத்தம்பூவையும் அறுகம்புல்லையும் காலையில் கூட்டி அள்ளி அந்தப் பெட்டிக்குள் கொட்டுவார், மரக்கறி வெட்டிய தழைகளையும் கொட்டுவார். குப்பையைத் தின்று சீவித்தது என்றார் மாஸ்டர்.

மனைவி கனடாவுக்குப் போன அடுத்த நாளே, அதைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டாராம்.

இதை எப்படி அவருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. ஆமைக்கு வேண்டியது அவ்வளவும் அந்தச் செருப்பு மூலையில் இருந்திருக்கிறது. மண், கண்ணாடிக்கூடாக வராத நேர் வெயில், புல், பூ, இலை. அந்த அம்மா அதை வெறுத்து வெளியே வைத்ததில் அது வாழ்ந்தது. மாஸ்டர் பாசம் வைத்து உள்ளே எடுத்ததில் அதற்கு எலும்பு உருகிவிட்டது. பெண்சாதி போன வீட்டில் அந்த மனிதர் கட்டிப்பிடித்துக்கொண்ட ஒரே உயிர் அதுதான், அதைத்தான் ஒவ்வொரு நேரமும் சோறு வைத்துச் சாகடித்துக்கொண்டிருந்தார்.

சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். வெயில் பட்டால்தான் ஆமைக்கு ஓடு இறுகும், அது தின்ன வேண்டியது புல்லும் தழையும், சோறும் பாலும் அதன் வயிற்றுக்குள் போகவே கூடாது என்றேன். மாஸ்டர் கணக்கு வாத்தியார், இரண்டையும் இரண்டையும் கூட்ட அவருக்கு நான் தேவையில்லை.

"அப்ப, மனுசி செய்ததுதான் சரியோ?"

"ஓம் மாஸ்டர்."

"அவவுக்கு இதைச் சொல்லிப் போடாதேங்கோ," என்றார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன், கண் கலங்கியிருந்தது.

திரும்பவும் லிஃப்டடியில் விடலாமா என்று அவரே கேட்டு, அவரே தலையை ஆட்டி மறுத்தார். அந்தப் பக்கத்தில் இப்போது பெரிய தொடர்மாடி ஒன்று எழும்பி, ஜன்னலுக்கு வெயிலே வருவதில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் சாப்பிடேக்க அவருக்கு ஒண்டும் வைக்கக் கூடாதெண்டால், நான் ஆரோட சாப்பிடுறது? நான் சாப்பிடுற நேரம் அங்க கனடாவில எல்லாரும் நித்திரை."

இதற்கு ஒரு பதிலும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. நானும் மத்தியானத்தில் கடைப் பார்சலை நின்றபடி தின்றுவிட்டுக் கை கழுவுகிறவள்தான். ஆமையை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், பின் முற்றத்தில் வெயில் விழுகிறது, தேற்றிப் பார்க்கிறேன் என்றேன். நீங்களும் மத்தியானத்தில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உங்கள் சோறு உங்களுக்கு, அதன் புல் அதற்கு, பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள் என்றேன். அன்றைக்கே இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். இந்த ஆமையை வீட்டில் வைத்திருப்பது நம் நாட்டில் சட்டத்துக்கு விரோதம், தேறினால் வனவிலங்குக்காரரிடம்தான் ஒப்படைக்க வேண்டி வரும் என்று. மாஸ்டர் தலையாட்டினார். வருத்தக்கார விலங்கோடு வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், காதில் விழுந்ததென்று எண்ணிவிடாதீர்கள்.

மருந்து, ஊசி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். இடத்தையும் சாப்பாட்டையும் மட்டும் சொல்கிறேன், அவைதான் அதைக் காப்பாற்றின. முற்றத்தில் முருங்கை மரத்தடியில் செங்கல்லை அடுக்கி அடைப்புக் கட்டினேன். கம்பி வலை கட்டக்கூடாது. வெளியே தெரிந்தால் ஆமை அந்த இடத்தையே முட்டிக்கொண்டு நிற்கும். அடைப்பில் பாதிக்கு வெயில், பாதிக்கு நிழல், எங்கே நிற்பதென்று அது தானே தெரிந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த சட்டி, குடிக்கத் தட்டையான ஒரு மண் தட்டில் தண்ணீர், காகத்துக்கும் கீரிக்கும் எட்டாமல் மேலே ஒரு மூடி. கொழும்பு மழைதான் பெரிய எதிரி. இது மன்னார், புத்தளம் பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி, நம்முடைய ஈரத்தில் சளி பிடித்துச் செத்துவிடும். வானம் கறுத்தால் கிளினிக்கை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். சாப்பாடு, புல்தான் முக்கால்வாசி. அதோடு செவ்வரத்தை இலையும் பூவும், கொஞ்சம் முருங்கை இலை, வல்லாரை. பசளிக் கீரை எப்போதாவது. பழம் அதைவிடக் குறைவு. மீன் சந்தையில் கேட்டு வாங்கிய கணவாய் ஓடு ஒன்றை, சுண்ணாம்புச் சத்துக்கென்று மூலையில் போட்டு வைத்தேன். இவ்வளவுதான். ஏழைச் சாப்பாடு, அதுதான் அதற்கு விருந்து.

முதல் சில நாட்கள் அது புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோற்றுக்குப் பழகிய நாக்கு. மாஸ்டர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார், ஒரு வாய் வைப்பார், ஆமையைப் பார்ப்பார், மூடிவிடுவார். ஒரு பருக்கை மட்டும் வைத்துப் பார்க்கவா என்று கண்ணால் கேட்பார். நான் கடுமையாக முறைப்பேன். எத்தனையோ பேரைக் குட்டிய மனிதர் என் முறைப்புக்குப் பயந்து கையை மடக்கிக்கொள்வார். ஒருநாள் ஒரு செவ்வரத்தம்பூவின் ஓரத்தை அது கடித்தது. மாஸ்டர் உள்ளே வந்து, நான் ஒரு நாயின் காதுக்குள் குனிந்திருக்கும்போது, மெதுவாக என் தோளில் தட்டி, "சாப்பிடுறார்," என்றார். நாய்க்காரர் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் மத்தியானத்துக்கு முன்பே வர ஆரம்பித்தார். வரும்போது ரயில் பாதையோரத்தில் புல் பிடுங்கிக்கொண்டு வருவார். அழுக்கான இடம், கழுவாமல் வைக்காதீர்கள் என்று சொன்னதால், அரிசி களைவது போல அந்தப் புல்லைக் களைந்து எடுப்பார். ஆமை புல்லைத் தின்ன, பக்கத்தில் கதிரையைப் போட்டுத் தன் சோற்றைச் சாப்பிடுவார். சில நாட்கள் நானும் என் பார்சலை எடுத்துக்கொண்டு போய் இருந்தேன். பெரிதாகக் கதைப்பதில்லை. மகள் அனுப்பிய படங்களைக் காட்டுவார், நான் தம்பியின் பிள்ளைகளின் படங்களைக் காட்டுவேன். அந்த நாட்களில் என் சாப்பாடு ருசித்தது, மறைப்பானேன்.

மெல்ல மெல்ல ஓடு இறுகியது. ஒருநாள் அது வயிறு நிலத்தில் படாமல், நாலு காலிலும் எழும்பி அடைப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தது. தொழிலில் அப்படியான நாட்கள் சிலதான் கிடைக்கும், உங்களுக்குக் கிடைத்தால் அன்றைக்காவது கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அன்று முழுச் சந்தோஷம் வரவில்லை. அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். மழைக்காலமும் வந்துகொண்டிருந்தது.

இரண்டொரு நாளில் மாஸ்டர் அயர்ன் பண்ணிய சேர்ட் போட்டுக்கொண்டு, புதுப் பெட்டியோடு வந்தார். பெட்டியில் காற்றோட்டத்துக்கு வரிசையாக ஓட்டை போட்டு, அடியில் காய்ந்த புல் பரப்பியிருந்தார். வீட்டில் எல்லாம் ஆயத்தம் என்றார். ஹோலில் மண் தட்டு வைத்திருக்கிறார், ஊர்வனவுக்கென்று விற்கும் விசேஷ விளக்கு ஒன்றை யாரிடமோ சொல்லி எடுப்பித்திருக்கிறார். ஒரு பருக்கை சோறும் கொடுக்க மாட்டேன் என்று, தண்டனை எழுதி முடித்த மாணவனைப் போல என் முன்னால் நின்றார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர் கெட்டிக்காரர், நான் சொன்ன ஒவ்வொன்றையும் செய்திருக்கிறார். அந்த விளக்கின் கீழ் அது கொஞ்சக் காலம் இருக்கவும் கூடும். கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் அன்று நல்ல நாள். யாரும் வந்து என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் நாலாம் மாடியில், வெயிலே வராத ஹோலில், மின்சாரம் நின்றால் அணைந்துபோகும் ஒரு விளக்கை நம்பி ஓர் ஆமை எத்தனை நாளைக்கு? ஆமைகள் நெடுங்காலம் இருப்பவை. மாஸ்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்கு ஒன்று நடந்தால் அது யார் தலையில் விழும்? இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சட்டத்தைக் கடைசியாகத்தான் சொன்னேன். சட்டத்தை முதலில் சொன்னால் மனிதருக்குப் பயம்தான் வரும், நியாயம் விளங்காது.

மாஸ்டர் கதிரையில் இருந்து, பெட்டியை மடியில் வைத்து, ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"டொக்டர், நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. ஒரே ஒரு கேள்வி. கொண்டுபோய் விட்டால் அவர் என்னைத் தேடுவாரோ? தேடுவார் எண்டால், நான் குடுக்கமாட்டன். பொலிஸ் பிடிச்சு மறியலில போட்டாலும் குடுக்கமாட்டன். தேடமாட்டார் எண்டால் சொல்லுங்கோ, இப்பவே குடுக்கிறன்."

நாய்க்காரர்கள் இப்படிக் கேட்டால், ஓம், தேடும் என்று யோசிக்காமல் சொல்வேன், அது உண்மையும்கூட. ஆமையை எனக்குத் தெரியும். மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் அது கழுத்தை நீட்டுவதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் புல்லோடு நான் போனாலும் நீட்டும், கிளினிக் கூட்ட வரும் அம்மா போனாலும் நீட்டும். தேடும் என்று சொன்னால் அந்த மனிதருக்கு இவ்வுலகில் தன்னைத் தேட ஓர் உயிர் இருக்கிறது என்ற ஆறுதல் கிடைக்கும், ஆமை அவரோடு போய் மெல்லச் சாகும். தேடாது என்று சொன்னால் ஆமை பிழைக்கும், அவருக்கு அந்த ஆறுதலும் இல்லாமல் போகும். இரண்டில் ஒன்றை நான் அந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டியிருந்தது. யாரிடமும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழும்ப முடியாது.

"தேடாது மாஸ்டர்," என்றேன். "பசிச்சால் புல்லைத் தேடும். குளிர்ந்தால் வெயிலைத் தேடும். எங்களைத் தேடாது."

எங்களை என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அப்படித்தான் வாயில் வந்தது. அவர் "நல்லம்," என்றார். "ஆரும் தேடிக் கஷ்டப்படாமல் இருந்தால் நல்லம்தானே." எழும்பிப் பெட்டியை என் கையில் தந்தார்.

வனவிலங்கு அதிகாரிகள் அந்தக் கிழமைக்குள் வந்தார்கள். தானாகவே முன்வந்து கொடுக்கிறார் என்று முதலே சொல்லியிருந்தேன், மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். நீங்களும் அப்படி முதலே பேசி வையுங்கள், ஒப்படைக்க வருகிறவரைக் குற்றவாளி போல நிறுத்த விடாதீர்கள். மாஸ்டர் அந்த இளம் அதிகாரியிடம் சிங்களத்தில் நிறையக் கேட்டார். அங்கே மண் எப்படி, மழைக்கு ஒதுங்க இடம் உண்டா, நாய்கள் வருமா என்று. அதிகாரியும் பொறுமையாகச் சொன்னார். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வறண்ட பக்கத்துக் காட்டில் விடுவார்களாம். பழைய பெட்டி வேண்டாம், தான் கொண்டுவந்த புதுப் பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதில் மட்டும் மாஸ்டர் பிடிவாதமாக இருந்தார். வாகனம் ஒழுங்கையால் திரும்பும் வரைக்கும் நின்றுவிட்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். கண்ணீர் ஒன்றும் விடவில்லை. நல்லபடியாக முடிந்த கேஸ் என்று நினைத்துக்கொண்டு நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். மத்தியானத்தில் பார்சலை நின்றபடி தின்றேன்.

பிறகு அவரைக் காணவில்லை. கடைத்தெருவில் ஒருமுறை தூரத்தில் கண்டேன், கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், நோயாளிகள் காத்திருக்கும் நீள வாங்கில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவில் மாஸ்டர் இருப்பதைக் கண்டேன். கையில் பெட்டி இல்லை, பை இல்லை, குடை மட்டும். முதலில் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியும் கேட்காமல், தன் முறை வரும் வரைக்கும் இருந்து உள்ளே வந்தார். மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். என்ன மாஸ்டர், என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் கொண்டுவரேல்லை," என்றார். குடையைக் காலடியில் வைத்தார். "டொக்டர், அவர் என்னைத் தேடமாட்டார் எண்டு சொன்னீங்கள். அது சரி. நான் தேடுவன் எண்டு நீங்கள் சொல்லேல்லையே."

தம்பி தங்கைகளே, தேடாது என்று நான் சொன்னது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மருந்து அலுமாரி முழுவதும் எனக்குப் பின்னால் இருந்தது. இருங்கோ மாஸ்டர் என்றேன். வெளியே காத்திருந்த பூனைக்காரரை உள்ளே கூப்பிட்டேன். மாஸ்டர் எழும்பவில்லை, நானும் எழும்பச் சொல்லவில்லை.